பெரிய கப்பலை விட்டு டக்குக்கு வருகிறவர்களுக்கு

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இப்போது கப்பலில் இருக்கிறார்கள். கேடட்டாகச் சேர்ந்து ஆபீசர் ஆனவர்களும் உண்டு, ஜி.பி. ரேட்டிங் முடித்து ஓ.எஸ்., ஏ.பி. என்று ஏறியவர்களும் உண்டு. லீவில் ஊருக்கு வந்ததும் என்னைத் தேடி வந்து அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, நானும் டக்குக்கு வந்துரலாமா?"

நான் பல்க் கேரியரில் சீஃப் ஆபீசராக இருந்துவிட்டு, இப்போது தூத்துக்குடியில் டக் ஓட்டுகிறேன். டக் என்று நாங்கள் சொல்வது, துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரை சேர்க்கிற இழுவைப் படகை. கேட்கிற பையன்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வேலையின் இயல்பைச் சொல்கிறேன். பெரிய கப்பலில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் விலகி நிற்பதைப் பற்றித்தான். ரேடாரில் ஒரு புள்ளி தெரிந்தாலே எத்தனை மைல் தள்ளிப் போகும், எப்போது திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுவோம். ஒரு மைலுக்குள் யாராவது வந்தால் கேப்டனை எழுப்ப வேண்டும். டக்கில் நாள் முழுக்கச் செய்வது இதற்கு நேர் எதிர். 80,000 டன் சரக்கோடு நகர்ந்துகொண்டிருக்கும் கப்பலின் மூக்குக்கு அடியில் நாமே போய் நிற்க வேண்டும், அதன் உடம்பில் சாய வேண்டும், அதிலிருந்து இறங்கும் கயிற்றில் நம்மைக் கட்டிக்கொள்ள வேண்டும். பல வருடமாக உடம்பில் ஊறிப்போன எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் "போகாதே" என்று சொல்லும். அந்த எச்சரிக்கையைத் தொலைத்துவிடக் கூடாது. அதை வைத்துக்கொண்டே நெருங்கப் பழக வேண்டும். டக்குக்கு மாறுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். சம்பளம், லீவு, சான்றிதழ் எல்லாம் இதற்குப் பிறகுதான், ஆனாலும் அவற்றையும் பேசித்தான் ஆக வேண்டும்.

நான் மாறியதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் அட்லாண்டிக்கில் இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் கடலோரம் மட்டும் அடிபடவில்லை. உள்ளே கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வரை தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டவர் விழுந்து, கரண்ட் போய், வீட்டுக்கு போன் போகவே இல்லை. வீட்டில் எல்லோரும் பத்திரம் என்ற செய்தி எனக்குக் கிடைத்தது ஊரிலிருந்து இல்லை, துபாயில் இருந்த பக்கத்து வீட்டுப் பையன் மூலமாக. இன்னும் எத்தனை காலம் இப்படி என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. 2020இல் கொரோனா வந்து, உலகம் முழுக்க நாலு லட்சம் கடலோடிகள் கான்ட்ராக்ட் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் கிடந்தபோது முடிவு உறுதியானது.

ஆனால் வீட்டு ஏக்கத்துக்காக மட்டும் வராதீர்கள் என்றுதான் பையன்களிடம் சொல்கிறேன். எங்கள் பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரிய கப்பல் எதுவும் அதன் வழியாகப் போவதில்லை, எல்லாம் இலங்கையைச் சுற்றித்தான் போகும். மணமேல்குடிக்காரனுக்கு வீட்டு வாசலிலேயே டக் வேலை கிடைக்காது. தூத்துக்குடி, காரைக்கால், சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் அன்றைக்கே வீடு வந்துவிடலாம் என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் பணி நாட்களில் நீங்கள் டக்கிலேயேதான் தூங்குவீர்கள். வீடு பக்கத்தில் இருந்தும் போக முடியாத இரவுகள், வீடு தூரத்தில் இருக்கும் இரவுகளைவிடக் கடினமாக இருக்கும்.

அடுத்தது காசு. இதில் கண்ணைத் திறந்துகொண்டு வர வேண்டும். வெளிநாட்டுக் கப்பலில் ஓடுகிறவர் ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், வெளியே சம்பாதித்து என்.ஆர்.இ. கணக்கில் வருகிற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இந்தியத் துறைமுக டக்கில் ஏறிய அன்றிலிருந்து நீங்கள் உள்நாட்டுச் சம்பளக்காரர், வரி பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். சம்பளமே குறைவு, அதிலும் வரி என்றால் கையில் நிற்பது எனக்குப் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வருமா, லீவு நாளுக்கும் உண்டா, பி.எஃப். இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பலில் இறங்கியிருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் இல்லாமல் இருந்ததையும் சேர்த்து ஒரு முழு வருடக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். வீட்டுக்கடன் பாதியில் நிற்கிறவர்கள் அதை முடித்துவிட்டு வருவதே நல்லது.

சான்றிதழ் விஷயத்தில் நான் கறாராக ஒன்று சொல்வேன். மாஸ்டர் பரீட்சையைப் பாக்கி வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். அடுத்த பரீட்சைக்கு வேண்டிய கடற்பணிக் காலத்தைப் பெரிய கப்பலிலேயே முடித்து, எழுதி, வாங்கிக்கொண்டு வாருங்கள். துறைமுக எல்லைக்குள்ளேயே ஓடும் டக்கில் கழித்த காலம் அந்தக் கணக்கில் சேரும் என்று நம்பி இருக்கக் கூடாது. கையில் உள்ள சான்றிதழையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்க, ஐந்து வருடத்துக்குள் பன்னிரண்டு மாதக் கடற்பணி காட்டுவதுதான் எஸ்.டி.சி.டபிள்யூ. விதியில் உள்ள வழக்கமான வழி. எந்த வேலை அதில் கணக்காகும் என்பதைச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள எம்.எம்.டி. அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னார், ஏஜென்ட் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அதே போல, ஏறப் போகும் டக் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று முதல் நாளே கேட்க வேண்டும். வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் பதிவானதும் உண்டு, 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் வருவதும் உண்டு, துறைமுக விதிகளின் கீழ் மட்டும் ஓடுவதும் உண்டு. உங்கள் சான்றிதழ் அதில் எந்தப் பதவிக்குச் செல்லும், உங்கள் பணிக்காலம் எப்படிப் பதிவாகும், அடிபட்டால் நஷ்டஈடு எந்தச் சட்டப்படி வரும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், அதாவது எம்.எல்.சி., கப்பல்காரனுக்குப் பெரிய கவசம். ஆனால் துறைமுக விதிகள் செல்லும் எல்லைக்குள்ளேயே ஓடும் கலங்களுக்கு அது பொருந்தாது. அந்தப் பாதுகாப்பு எல்லாம் கூடவே வரும் என்று எண்ணி ஏறிவிடக் கூடாது. வேலை ஒப்பந்தத்திலேயே காப்பீடு, மருத்துவச் செலவு, வேலை நேரம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று வரி விடாமல் படியுங்கள். வளைகுடா நாட்டு டக்குகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டையே கையில் கொடுக்க வேண்டும். வேலைக்காகப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு, சம்பளம் வராமல் வெளிநாட்டில் டக்கிலேயே மாதக்கணக்கில் கிடந்த பையன்களை நான் அறிவேன்.

இனி ஓட்டுவதைப் பற்றி. சொல்லச் சொல்ல எனக்கு ஆசை தீராத பகுதி இது.

இப்போது நம் துறைமுகங்களில் ஓடும் டக்குகளில் பெரும்பாலானவை ஏ.எஸ்.டி. வகை. முப்பது மீட்டர் சுமாரான நீளம், இரண்டு இன்ஜின், பின்பக்கம் அடியில் முழு வட்டமாகச் சுழலும் இரண்டு உந்திகள். சுக்கான் கிடையாது. இரண்டு கையிலும் ஒவ்வொரு லீவர், அவற்றின் திசைதான் உந்தியின் திசை. கப்பலில் "ஸ்டார்போர்ட் டென்" என்று சொன்னால் சுக்கான் பிடிப்பவர் திருப்புவார், கப்பல் யோசித்து யோசித்துத் திரும்பும். இங்கே சொல்ல ஆள் இல்லை, நீங்கள்தான் கை. மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தாலும் டக் சுழன்று நிற்கும். இரண்டு உந்தியையும் வெளிப்பக்கம் திருப்பினால் ஓடிக்கொண்டிருந்த டக் சட்டென்று நின்றுவிடும். பக்கவாட்டிலேயே நண்டுபோல நகர்த்தவும் முடியும். தலையால் கணக்குப் போட்டு லீவரைத் திருப்புகிற வரை டக் உங்கள் சொல் கேட்காது, கை தானாகப் போக ஆரம்பிக்க மாதங்கள் ஆகும். சிமுலேட்டரில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். அதைவிட, காலியாக இருக்கும் நேரத்தில் ஒரு மிதவையை வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் சுற்றி வந்தும், மூக்கை அதன்மேல் மெல்ல வைத்து எடுத்தும் பழகுங்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கீழக்கரைப் பக்கத்து செராங் ஒருவர். படித்தது எட்டாம் வகுப்பு, டக்கிலேயே நரைத்தவர். நகரும் கப்பலின் முன்பக்கம் கயிறு வாங்கப் போகும்போது என் கண் எப்போதும் அந்த இரும்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் பக்கத்தில் நின்று சொன்னார்: "கப்பலப் பாக்காதீங்க தம்பி. நடுவுல கெடக்குற தண்ணியப் பாருங்க. அதுதான் முன்னாடியே சொல்லும்."

அந்தத் தண்ணீர் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நகரும் கப்பலின் அணியத்தில் தண்ணீர் குவிந்து அழுத்தும், அங்கே டக்கை வெளியே தள்ளும். கொஞ்சம் பின்னால், கப்பலின் தோள் பகுதியில், தண்ணீர் வேகமெடுத்து அழுத்தம் குறையும், அங்கே டக்கை உள்ளே இழுக்கும். சில மீட்டர் இடைவெளிக்குள் தள்ளலும் இழுப்பும் மாறி மாறி வருகின்றன. தள்ளுகிறதே என்று எதிர்த்து லீவரைக் கொடுத்த அதே நொடியில் இழுப்பு வந்தால், இரண்டும் சேர்ந்து உங்களைக் கப்பலுக்கு அடியிலேயே கொண்டுபோகும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆறு நாட்டில் இருந்த கப்பல் எட்டு நாட்டுக்குப் போனால், கூடியது இரண்டே நாட், விசையோ ஏறக்குறைய 1.8 மடங்கு. அதனால் கப்பல் வேகமாக வருகிறது என்று தோன்றினால் வாக்கி டாக்கியில் பைலட்டிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எந்த நல்ல பைலட்டும் நினைப்பதில்லை. கப்பல் ஆபீசராக இருந்து வந்தவர்கள் இதில் தயங்குகிறார்கள். பிரிட்ஜில் பைலட்டுக்குக் காபி கொடுத்து, "யெஸ் சார்" என்று சொல்லிப் பழகிய பழக்கம் அது. அதை டக்கில் ஏறும்போது கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

உயிரை எடுப்பது கயிறு. டக் போகும் திசைக்குக் குறுக்கே கயிறு இழுத்தால், டக் பக்கவாட்டில் சாய்ந்து சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். கிர்ட்டிங் என்பார்கள். 2007 டிசம்பர் 19ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் மூடுபனியில், ரெட் ஜாஸ்மின் என்ற கப்பலை இழுத்துக்கொண்டிருந்த ஃப்ளையிங் ஃபாண்டம் என்ற டக் இப்படித்தான் கவிழ்ந்தது. நான்கு பேரில் மூன்று பேர் இறந்தார்கள். அனுபவசாலிகளுக்கே நடந்தது இது. ஆகவே என் டக்கில் ஒரு கட்டளை உண்டு: கயிறு மேலே போகிறது என்றால், நீர்புகாக் கதவு, ஹேட்ச் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இன்ஜின் ரூம் கதவைத் திறந்து வைத்தால் சுகமாக இருக்கும். கீழே வெந்துகொண்டிருக்கும் டிரைவர் கதவைத் திறக்கத்தான் நினைப்பார். அவரிடம் கோபப்படாமல், ஏன் என்று சொல்லி அடைக்க வைக்க வேண்டும். வின்ச்சில் அவசரத்துக்குக் கயிறு விடும் பட்டன் எங்கே இருக்கிறது, அழுத்தினால் எத்தனை நொடியில் கயிறு போகிறது என்பதை ஏறிய முதல் நாளே செய்து பாருங்கள். பட்டன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் யாரும் கயிறு வாங்கக் கூடாது.

பெரிய கப்பலில் இருந்து வருகிறவரிடம் செராங்குகளுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. கப்பல் மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் வருடக்கணக்கில் அணியத்தில் நின்று டக் கயிறு வாங்கியிருக்கிறேன். தூக்கம் இல்லாத இரண்டு மூன்று பேர், சரக்கு முடித்த களைப்பில், கனமான கயிற்றை மேலே இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவிழ்க்கும்போது மெசெஞ்சர் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்காமல் அப்படியே போட்டுவிட்டால், அது நம் உந்தியில் போய்ச் சுற்றும். அதனால் அவிழ்க்கும் நேரம் நான் மேலே ஆளைக் கண்ணால் பார்க்காமல் நகர்வதில்லை. இன்னொன்று, கப்பலின் பொல்லார்டில் அது தாங்கும் எடை எழுதியிருக்கும். பழைய கப்பல்களில் அது நம் டக்கின் இழுவிசையைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஐம்பது, அறுபது டன் இழுக்கும் டக்கை முழு விசையில் கொடுத்தால் பொல்லார்டு பிய்த்துக்கொண்டு வரும். இதை யோசித்து, மெல்ல விசை ஏற்றுவது கப்பல் பார்த்தவருக்கு இயல்பாக வரும். இப்போது வரும் செயற்கை இழைக் கயிறுகள் கம்பி வடத்துக்குச் சமமான பலமும் தண்ணீரில் மிதக்கிற லேசும் உள்ளவை. ஆனால் துருப்பிடித்துச் சொரசொரப்பான ஃபேர்லீடில் உரசினால் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கயிற்றைக் கையால் தடவிப் பாருங்கள், கண் காட்டாததைக் கை காட்டிக்கொடுக்கும்.

துறைமுக வேலை கைவந்துவிட்டது என்பதால் கடல் இழுவைக்கும் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு தொழில். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு அணுமின் நிலையத்தின் நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிப் போன மிதவையை ஒரு டக் இழுத்துப் போனது. கயிறு அறுந்து மிதவை கரையோரப் பாறையில் தட்டி நின்றது. ஆழ்கடலில் இழுவைக் கயிற்றை நீளமாக விடுவார்கள், அது தன் எடையிலேயே தொய்ந்து அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் அவ்வளவு விட முடியாது, கயிறு தரையில் உரசும். விடாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். எங்கள் பக்கத்துக் கடல் முழுக்க இந்தச் சிக்கல் உண்டு. இதைக் கற்க விரும்புகிறவர் கடல் இழுவை பார்த்த மாஸ்டரின் கீழ் மேட்டாகப் போய்த்தான் கற்க வேண்டும்.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், பல பையன்கள் தயங்குவது அதற்காகத்தான். "ஃபாரின் கப்பல்ல இருந்தவன் இப்ப போட்டு ஓட்டுறானாம்" என்பார்கள். பெண் பார்க்கும் இடத்தில் அது பேச்சாக வரும். 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டபோது, அதில் இருந்த 25 பேரும் இந்தியர்கள் என்பதால் எங்கள் ஊரிலும் டி.வி. முன்னால் கூட்டம். நானூறு மீட்டர் கப்பலை, மண் அள்ளும் கலங்களும் ஓதமும் சேர, டக்குகள் அசைத்து எடுத்ததை அவர்கள் பார்த்தார்கள். என் அம்மாவுக்கு நான் வேறு விதமாகச் சொன்னேன். ஆவுடையார்கோவில் தேரை எத்தனையோ பேர் வடம் பிடித்து இழுக்கலாம், அதைத் தெருமுனையில் திருப்புவதும் நிலையில் நிறுத்துவதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு நிற்கிறவர்தானே, அந்த வேலை எனக்கு என்றேன். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் விளக்கம் சொல்லத் தயங்கியதில்லை.

2024 மார்ச் 26ஆம் தேதி பால்டிமோரில் டாலி என்ற கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தில் மோதியது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் பெரும்பாலும் நம் இந்தியப் பையன்கள்தான். கரையிலிருந்து கிளப்பிவிட்ட டக்குகள் அதற்கு முன்பே விலகிப் போயிருந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது, இன்னும் கொஞ்ச தூரம் கூட வந்திருந்தால் என்று என் மனம் அடித்துக்கொண்டது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகும் காலத்தில் டக்கின் தேவை குறையப் போவதில்லை. நம் நாட்டிலும் பசுமை டக் மாற்றுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. முதல் கட்டத்துக்கான நான்கு துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. 2027 டிசம்பருக்குள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு பசுமை டக்குகளை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். இன்ஜின் பக்கத்துப் பையன்கள், குறிப்பாக எலக்ட்ரிக்கல் தெரிந்தவர்கள், பேட்டரி, உயர் மின்னழுத்தப் பயிற்சிகளை இப்போதே முடித்து வைப்பது நல்லது.

கடைசியாக, ராஜினாமா எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று. லீவில் இருக்கும்போதே, தெரிந்த டக் மாஸ்டர் மூலமாக நிறுவனத்திடம் முறையாக அனுமதி வாங்கி, டக்கில் சில நாள் தங்கிப் பாருங்கள். தை, மாசியில் கடல் அமைதியாக இருக்கும்போது வராதீர்கள், ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது வாருங்கள். இரவு இரண்டு மணிக்கு பைலட் கூப்பிடுவார், ஒரு மணி நேரம் தூங்கியிருப்பீர்கள், அடுத்த கப்பல் நாலு மணிக்கு இருக்கும். இன்ஜின் சத்தம் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், எட்டுப் பேருக்குச் சமைப்பதும் அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான். சீஃப் ஆபீசர் என்று தனிக் கேபினும் ஸ்டூவர்டும் கிடையாது. உங்களைவிடச் சின்னச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் கை கட்டிக் கற்க வேண்டியிருக்கும். கயிறு வாங்கும்போது வீல்ஹவுஸில் அவர் பக்கத்தில் நின்று அவர் கையைப் பாருங்கள், லீவர் எத்தனை சின்னதாக அசைகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துக் கை துறுதுறுத்தால் என்னிடம் வாருங்கள், யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.